இணைவுப் பயணம், ஐந்தாம் பதிப்பு

வேலைக்குச் சேர்ந்த பதினேழாம் நாள், தொழிற்சாலைக்குள் எந்த வழியாகப் போவது என்று முகமது ஆசிக் வாய்விட்டுக் கேட்டுவிட்டான்.

கேட்டது தப்பாகிவிட்டது. பயிற்சி அறையில் இருந்த இருபத்திரண்டு புதியவர்களும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த ராஜசேகரன் கையிலிருந்த பேனாவை மூடினார். அவர் சுகந்தவேல் பாலிமர்ஸின் மக்கள் அனுபவத் தலைவர். கோபமே படமாட்டார், வருத்தம்தான் படுவார். அவர் வருத்தப்படுகிற நேரத்துக்குள் நாலு திட்டு வாங்கிக்கொண்டு டீயும் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"ஆசிக், இது ஏழாவது படியில வர வேண்டிய கேள்வி. நீங்க இப்ப எத்தனாவது படியில இருக்கீங்க?"

"ஆறு சார்."

"பாருங்க, மனசு பக்குவப்படறதுக்கு முன்னாடியே கேள்வி வந்துடுச்சு. உங்க மேல தப்பே இல்ல. நாங்கதான் உங்கள சரியா வரவேற்கல. பரவால்ல, மறுபடி முதல்லேர்ந்து வரவேற்கிறோம்."

ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அவருடைய உதவியாளர் ரோஷினி இரண்டு தட்டுத் தட்டினாள். ஆசிக் ஆறாம் படியிலிருந்து முதல் படிக்கு வந்து விழுந்தான்.

உண்மையில் தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. பயிற்சி அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. குக்கர் மூடியில் மாட்டுகிற கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதே, அதைத்தான் அங்கே செய்கிறார்கள். ஒவ்வொரு தடவை பிரஸ் மெஷின் வாயை மூடும்போதும் இந்தப் பக்கம் மேசை மேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் சிலிர்த்து அடங்கும். ரப்பர் வேகிற வாடை ஏசி வழியாக வந்துகொண்டே இருக்கும். அதற்குள் போக எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ரப்பர் டெக்னாலஜியில் டிப்ளமோ வாங்கி, குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று ஆர்டரும் வாங்கி, பெரியபட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன் அவன். பதினேழு நாளில் ஒரு வளையத்தைக் கையால் தொடவில்லை.

முதல் நாள் ஆரத்தி எடுத்தார்கள். 'நான் ஒரு விதை' என்று எழுதிய பனியன் கொடுத்தார்கள். ஆளுக்கொரு தொட்டியில் ஒரு செடி கொடுத்து அதற்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். ஆசிக் அவசரத்தில் தன் அக்கா மகள் பெயரான மெஹக் என்பதையே வைத்தான். வாரா வாரம் செடி எத்தனை இலை விட்டது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். காலையில் வந்ததும் வாசலில் இருக்கும் முகப்பெட்டியில் பொத்தான் அமுக்க வேண்டும். சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுத முகம் என்று மூன்று பொத்தான்கள். அழுத முகத்தை அமுக்கியவர்களுக்கு ஆறுதல் வகுப்பு சாயங்காலம் இரண்டு மணி நேரம் நடக்கும். அதனால் எல்லோரும் சிரித்த முகத்தையே அமுக்குவார்கள். அந்தப் பொத்தான் மட்டும் தேய்ந்து குழி விழுந்திருந்தது.

முதல் நாள் ராஜசேகரன் பேசியதை ஆசிக் இன்னும் மறக்கவில்லை.

"நண்பர்களே, இந்தக் கம்பெனியில முன்னாடியெல்லாம் எவ்ளோ கொடுமை நடந்திருக்கு தெரியுமா? புதுசா வந்தவங்கள முதல் நாளே வேலை செய்ய விட்டிருக்காங்க! பேரு கேட்டு, மெஷின காட்டி, போய் நில்லுன்னு சொல்லியிருக்காங்க. நூத்துக்கு நாப்பது பேரு ஆறே மாசத்துல ஓடிட்டாங்க. நான் வந்தேன். இணைவுப் பயணத்தைக் கொண்டு வந்தேன். ஒன்பது படி, இருபத்தோரு நாள். கடந்த மூணு வருஷத்துல ஒருத்தர்கூட ஓடல. ஏன்னா இன்னும் யாரும் சேர்ந்தே முடிக்கல!"

கைதட்டல் பலமாக இருந்தது. இதற்காகவே அடுத்த மாதம் ஒரு ஓட்டலில் அவருக்கு விருது கொடுக்கப் போகிறார்களாம்.

பயணத்தில் தனியாக விட்டால் பயந்துபோவார்கள் என்று ஆளுக்கொரு பயணத் தோழர் உண்டு. ஆசிக்குக்கு வாய்த்தவர் கங்காதரன். பக்கத்து ஊரான பாடியிலிருந்து வருகிற எலெக்ட்ரீஷியன். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். எந்த வகுப்பில் எங்கே உட்கார்ந்தால் ஏசி முகத்தில் அடிக்காது என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்.

"அண்ணே, நீங்க சேர்ந்து எத்தன வருஷமாச்சு?" என்று முதல் நாளே கேட்டான்.

"சேர்ந்தா? இன்னும் சேர்ல நைனா. ரெண்டு வருஷம் எட்டு மாசமா சேர்ந்துகினு கீறேன்."

ஆசிக் சிரித்தான். கங்காதரன் சிரிக்கவில்லை.

"நான் உள்ள வந்தப்போ ரெண்டாம் பதிப்பு. எட்டாவது படி தாண்டி கால தூக்கி வெக்கிறேன், மூணாம் பதிப்பு வந்துட்ச்சி. பழசுல படிச்சது செல்லாதுன்னாங்க. அது முடியறப்போ நாலு. இப்போ அஞ்சு ஓடுது. அதோ பாரு, சைக்கிள் ஸ்டாண்டாண்ட முருங்க மரம். அது என் செடி."

ஆசிக் பார்த்தான். மரம் ஸ்டாண்டு முழுவதற்கும் நிழல் தந்துகொண்டிருந்தது. நிறைய காய்த்திருந்தது.

"வீட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்களாண்ணே?"

"என் சம்சாரம் நான் பெரிய மெஷின் பாக்குறேன்னு நெனச்சிகினு கீது. டெய்லி ஊட்டுக்குப் போறப்போ வண்டி செயின்ல கைய தடவி ரவ கிரீஸ் பூசிகினுதான் போவேன். சோப்புத் தண்ணி வெச்சிகினு வாசல்லயே நிக்கும், பாவம்."

ஆசிக்கினால் அப்படிச் சேர்ந்துகொண்டே இருக்க முடியாது. அவனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. வளைகுடாவில், தம்மாமில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் ஹாஜா மொய்தீன் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்கு விசா பார்த்து வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் அவன் போனிலேயே இருந்தது.

"மாப்ள, கம்பெனியில சேந்துட்டேங்குறே. நம்பர் என்னன்னா முழிக்கிறே. நம்பர் இல்லாத வேல ஒரு வேலையா? இங்க நம்பர் இல்லாதவன போலீஸ்காரன் வண்டியில ஏத்திருவான். முப்பதாம் தேதிக்குள்ள நம்பர அனுப்பு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லன்னா முப்பத்தொண்ணாம் தேதி டிக்கெட்டு. விசாவ அதுக்கு மேல புடிச்சு வைக்க முடியாது."

ஒன்பது படியும் முடித்தவர்களுக்குத்தான் பணியாளர் எண். இருபத்தோரு நாள் என்றால் இருபத்தொன்றாம் தேதி கையில் வந்துவிடும் என்று ஆசிக் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தான். அவனுடைய வாப்பா பதினாலு வருடம் அங்கே இருந்தவர். ஊருக்கு வந்தது ஐந்து தடவை. மூன்றாம் தடவை வந்தபோது விமான நிலையத்தில் ஆறு வயது ஆசிக் அவரைப் பார்த்து மாமா என்று கூப்பிட்டான். வாப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு ஆசிக் தம்மாம் என்ற பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவான்.

இப்போது பதினேழாம் தேதி. முதல் படியிலிருந்து இன்னும் இருபத்தோரு நாள். எந்த விரலை விட்டு எண்ணினாலும் முப்பதுக்குள் வரவில்லை.

முதல் படிக்குப் போனதும் அவனுடைய கேன்டீன் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். 'முதல் உணவு' என்பது நாலாம் படி. அது வரைக்கும் உள்ளே சாப்பிட்டால் அது வெறும் சாப்பாடாகிவிடுமாம். அதனால் பதினெட்டாம் தேதி மதியம் ஆசிக் வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்கம் இரண்டாம் கேட்டுக்கு எதிரில் இருந்த தள்ளுவண்டியில் தக்காளி சாதம் வாங்கினான். மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் விரல் நுனியும் கறுத்திருந்தது.

"இன்னாப்பா, பனியன்ல இன்னாவோ எழுதிகீது?" என்றாள் ஒருத்தி. வெள்ளானூரிலிருந்து வருகிற ராணி. ஆறு வருடமாகக் கான்ட்ராக்டில் வளையத்துக்குப் பிசிறு வெட்டுகிறாள்.

"நான் ஒரு விதைன்னு எழுதியிருக்குக்கா."

"இன்னா வெத? மொளைக்குமா?"

பெண்கள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். ஆசிக் தான் யார், என்ன வேலை என்று சொன்னான். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்றதும் ராணி சிரிப்பை நிறுத்தினாள்.

"நீதானா அது? ஏழு மாசமா அந்த நாற்காலி காலியா கீது. பெட்டி மேல ஓக்கே ஸ்டிக்கர நான்தான் ஒட்டுறேன். நகத்தால அமுக்கிப் பாப்பேன். தடம் மறைஞ்சா ஓக்கே. மறையலன்னா மேசைக்கி அடில இருக்குற கோணியில தூக்கிப் போட்டுடுவேன். இப்போ ஒரு மாசமா கோணி ரொம்புது நைனா. நீ சுவத்துக்கு அந்தாண்ட குந்திகினு இன்னா பண்றே?"

"செடிக்குத் தண்ணி ஊத்துறேன்க்கா."

அவன் கேலிக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு இரண்டு மணி ஆகிவிட்டது. இரண்டு முதல் ஐந்து வரை பயிற்சியில் 'தனிமைச் சிந்தனை' நேரம். ஆளாளுக்கு ஒரு மூலை தேடி உட்கார்ந்து தங்களைத் தாங்களே சந்தித்துக்கொள்ள வேண்டும். யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் யாரும் யாரையும் தேடவும் மாட்டார்கள். மரத்தடியிலேயே சந்தித்துக்கொள்ளலாம் என்று ஆசிக் உட்கார்ந்திருந்தபோது, இரண்டாம் கேட்டில் கான்ட்ராக்ட் மேஸ்திரி எத்திராஜ் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொம்போது. ஒரு தல கொறையுது. ஆருடி வர்ல?"

"வசந்தாவுக்கு ஜொரம்ணா," என்றாள் ராணி.

எத்திராஜ் சுற்றும் முற்றும் பார்த்தார். கண் ஆசிக் மேல் விழுந்தது.

"தம்பி, சும்மாதான குந்திகினு கீறே? வா உள்ள."

"அண்ணே, நான்..."

"அந்த ஷூவ மாட்டு. தலைல துணி கட்டு. பிரஸ்ஸு தட்டு சூடு, கை வெச்சா கை பூடும். செவப்பு பட்டன அமுக்குனா மெஷினு நிக்கும். டீ நாலு மணிக்கி. புர்தா?"

"புரியுதுண்ணே."

"அவ்ளோதான். போ."

சுகந்தவேல் பாலிமர்ஸில் ஒருவரை வேலைக்குத் தயார் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினேழு நாளாகத் தேடிய கதவு, கதவே இல்லாத ஒரு வாசலாக இருந்தது. ஒரு பழைய ரப்பர் திரை தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு போனான்.

உள்ளே ஆறு பிரஸ்கள். சூட்டில் காற்று நெளிந்தது. அவன் எந்தப் படியும் ஏறாமல் அரை மணி நேரத்தில் எந்த மெஷின் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டான். படித்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றது. மறுநாளும் தனிமைச் சிந்தனை நேரத்தில் போனான். அதற்கு மறுநாளும் போனான். வசந்தாவுக்குக் காய்ச்சல் விட்டு அவள் வந்த பிறகும் எத்திராஜ் அவனைப் போகச் சொல்லவில்லை. "கை சுத்தமா வேல செய்யிது புள்ள," என்று மட்டும் சொன்னார். யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை.

நாலாம் நாள் ராணியின் கோணியைப் பிரித்து ஆசிக் வளையங்களைத் தரம் பிரித்தான். எல்லாமே மூன்றாம் பிரஸ்ஸிலிருந்து வந்தவை. இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. உள்ளே பிசுபிசுத்தது. கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தான். ஏழு நிமிடம் வேக வேண்டியது நாலரை நிமிடத்திலேயே வெளியே வந்தது.

"எண்ணிக்க ஏறணும்னு ஆரோ டைம கொறச்சி உட்டாங்க," என்றாள் ராணி. "நான் போயி சொன்னேன். நீ கான்ட்ராக்ட்டு, வாய மூடிகினு வெட்டுன்னாங்க. என் கண்ணுக்குத் தப்புனது எவ்ளோ ஊட்டுக்குப் போய்க்கீதோ. குக்கரு பொங்கி ஆரு மூஞ்சில அடிக்குமோ. எங்கூட்லயும் அதே குக்கர்தான். நான் ஒரு மாசமா சோத்த வடிச்சி சாப்பிடுறேன்."

சொல்ல வேண்டிய ஆள் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததே யாருக்கும் தெரியக் கூடாது. ஆசிக் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். தினம் மாலை தனிமைச் சிந்தனையில் தோன்றியதை ஒரு டைரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் எழுதினான்: 'மூன்றாம் பிரஸ் நேரத்துக்கு முன்பே திறந்துவிடுகிறது. உள்ளே வேகவில்லை. வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது. யாராவது கவனித்தால் நல்லது.'

மறுநாள் காலை ராஜசேகரன் அந்த டைரியைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார்.

"நண்பர்களே, இத கேளுங்க." முழுவதையும் வாசித்தார். "உள்ள வேகல, வெளிய பார்க்க நல்லா இருக்கு! மூன்றாம் பிரஸ்னு அவர் சொல்றது யார? தன்னத்தான! அவசரப்பட்டுக் கேள்வி கேட்ட அந்த மனசத்தான! ஆசிக், நீங்க எங்கயோ போயிட்டீங்க."

"சார், அது நிஜமாவே மூணாவது..."

"தெரியும். உங்களுக்கு நிஜமாவே வலிச்சிருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பக்கத்தை நகலெடுத்து முகப்பெட்டிக்கு மேலே ஒட்டினார்கள். கங்காதரன் அவன் காதோரம் குனிந்து, "ரெண்டு வருஷம் எட்டு மாசத்துல இந்தாளு ஒரு தபா கூட எனக்கு அழுவல மாமே," என்றார். குரலில் பொறாமை தெரிந்தது.

அன்று மாலை பட்டரவாக்கம் ஸ்டேஷனில், தான் தங்கியிருந்த அண்ணனூருக்குப் போகும் ரயிலுக்கு நின்றபோது உம்மா சைனம்புவின் குரல் வந்திருந்தது. "மவனே, மச்சான் பெட்டிய கட்டச் சொல்லுறாரு. நான் கட்டவா, வேணாமா? நீ வாயத் தொறந்து சொல்லு வாப்பா." ஆசிக் பேச எடுத்தான். ரயில் வந்த சத்தத்தில் வைத்துவிட்டான்.

இருபத்தொன்பதாம் தேதி, வளையங்களை வாங்குகிற குக்கர் கம்பெனியிலிருந்து சுவேதா என்ற பொறியாளர் பரிசோதனைக்கு வந்தாள். திரும்பி வந்த புகார்களின் கோப்பு ஒன்றும் பை நிறைய வளையங்களும் அவள் கையில் இருந்தன. குவாலிட்டி இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். கம்பெனியில் அந்தப் பதவிக்கு இருந்த ஒரே ஆள் ஆசிக். ஆகவே அவனுக்குத் துவைத்த பனியன் ஒன்றைப் போட்டு, செடியையும் கையில் கொடுத்து நிறுத்தினார்கள்.

ராஜசேகரன் ஒன்பது படிகளையும் படம் போட்டு விளக்கினார். முக்கால் மணி நேரம் போனது.

"எங்க ஆட்கள் வேலைய தெரிஞ்சுக்கிட்டு உள்ள போறதில்ல மேடம். மனச தெரிஞ்சுக்கிட்டுப் போறாங்க."

"உள்ள போன ஒருத்தர காட்டுங்க சார்," என்றாள் சுவேதா.

"எல்லாரும் போற வழியிலதான் இருக்காங்க."

சுவேதா பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து மேசை மேல் போட்டாள். "இது போன மாசம் அனுப்புன பெட்டி. சமைக்கும்போது இளகி ஓரத்துல பிதுங்கியிருக்கு. ஒரு வீட்ல கொதிக்கிற பருப்பு ஒரு அம்மா கை மேல அடிச்சிருக்கு. இதுக்கு ஓக்கே போட்டது யாரு? இது ஏன் இப்படி இருக்குன்னு உங்கள்ல யாருக்காவது சொல்லத் தெரியுமா? தெரியலன்னா இன்னையோட ஆர்டர நிறுத்திட்டுப் போறேன்."

ராஜசேகரன் வளையத்தைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவரும் அப்போதுதான் அதைப் பக்கத்தில் பார்த்தார் போலிருந்தது. ரோஷினி ஆசிக்கைப் பார்த்தாள். கங்காதரன் கூரையைப் பார்த்தார்.

சும்மா இருந்தால் இன்னும் பத்து நாள் கழித்தாவது படிகள் முடியும். மச்சானிடம் கெஞ்சினால் ஒரு வாரம் பொறுப்பாரோ என்னவோ. சொல்லிவிட்டால் அதுவும் போயிற்று. ஆசிக் வளையத்தைக் கையில் எடுத்தான். நகத்தால் அமுக்கினான். தடம் அப்படியே நின்றது.

செடியைக் கீழே வைத்தான்.

"இது மூணாம் பிரஸ்ல வந்தது மேடம். ஏழு நிமிஷத்துக்குப் பதிலா நாலரை நிமிஷத்துல எடுக்குறாங்க. உள்ள வேகல. இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு. ஓக்கே போட்டவங்க மேல தப்பில்ல. அவங்க கெட்டத எல்லாம் கோணியில எடுத்து வெச்சிருக்காங்க. அவங்க மட்டும் பாக்கலன்னா உங்களுக்கு இன்னும் நாலு மடங்கு வந்திருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ராஜசேகரன். அவர் முகத்தில் அந்த வருத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. "ஆசிக், நீங்க உள்ள போனீங்களா?"

"பதினொரு நாளா போறேன் சார்."

சுவரின் அந்தப் பக்கம் மூன்றாம் பிரஸ் வாயை மூடியது. டம்ளர் தண்ணீர் சிலிர்த்தது.

சுவேதா எழுந்துவிட்டாள். "வாங்க, காட்டுங்க."

மூன்றாம் பிரஸ் அன்றைக்கு நிறுத்தப்பட்டது. நேரத்தைத் திருத்தி, ஒரு வரிசை ஓட்டி, சுவேதா வளையத்தை இழுத்துப் பார்த்து, ஆர்டர் தொடரும் என்று எழுதிக் கொடுத்தாள். போன மாதத்துப் பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. "சரியான ஆளைத்தான் போட்டிருக்கீங்க," என்று ராஜசேகரனிடம் கைகொடுத்துவிட்டுப் போனாள். அவர் கையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

மறுநாள் முப்பதாம் தேதி, காலை பத்து மணிக்கு விசாரணை. சேர்வதற்கு முன்பே வேலை செய்தது குற்றம் என்று தாளில் எழுதியிருந்தது.

"கம்பெனிய காப்பாத்தியிருக்கீங்க, இல்லைன்னு சொல்லல," என்றார் ராஜசேகரன். "ஆனா நான் கேக்குறது வேற. உங்களுக்கு வேலை தெரியுங்கறதுல எனக்கு வருத்தமில்ல. எங்ககிட்ட வராம தெரிஞ்சுக்கிட்டீங்களே, அதுதான் வலிக்குது. எத்திராஜ் ஒரு நிமிஷத்துல சொல்லிக் குடுத்தத வெச்சு நீங்க மெஷின சரி பண்ணிட்டா, என்னோட இருபத்தோரு நாளுக்கு என்ன மரியாதை? நாளைக்கு எல்லாரும் இப்படி வேலை செய்யக் கிளம்பிட்டா இந்தப் பயிற்சி அறை எதுக்கு? நான் எதுக்கு?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று அவரே ஒரு நொடி பயந்தது போலிருந்தது. அவசரமாக ரோஷினி பக்கம் திரும்பினார். "நீக்கிடுங்க."

ரோஷினி தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"சார், சிஸ்டம் பணியாளர் எண் கேக்குது."

"அவருக்கு ஏது எண்? அவர்தான் சேரவே இல்லையே."

"சேராதவர நீக்க முடியாது சார்."

"அப்ப சும்மா அனுப்பிடுங்க. கேட்ல விட வேணாம்னு சொல்லிடுங்க."

"அப்படி அனுப்புனா பாதியில ஓடிட்டாருன்னு ஏறிடும் சார். மூணு வருஷத்துல முதல் ஆள். விருதுக்காரங்க இந்த வாரம்தான் அந்தக் கணக்க கேட்டிருக்காங்க."

ராஜசேகரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எண் குடுத்து நீக்குனா?"

"நீக்குனவங்களுக்கு விடைபெறும் பயணம் இருக்கு சார். போன வருஷம் நீங்களே எழுதுனது. முதல் பதிப்பு. பதிமூணு படி. அது முடியற வரைக்கும் அவர் போனதா கணக்கில்ல."

"நல்லா எழுதியிருக்கேன்ல?" என்றார் ராஜசேகரன். முகம் தெளிந்தது. "எண்ணைப் போடுங்க."

ரோஷினி போட்டாள். நானூற்றுப் பத்தொன்பது. அட்டை அச்சாகிச் சூடாக வெளியே வந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நீக்க உத்தரவில் ஆசிக் கையெழுத்துப் போட்டான். சுகந்தவேல் பாலிமர்ஸில் மூன்று வருடத்தில் முதன்முதலாகச் சேர்ந்து முடித்தவன் அவன்தான். நீக்கப்பட்ட முதல் ஆளும் அவன்தான். இரண்டுக்கும் நடுவில் நாலு நிமிடம் இருந்தது.

"விடைபெறும் பயணம், முதல் படி," என்று ரோஷினி வாசித்தாள். "தான் பார்த்து வந்த வேலையை, பயிற்சி முழுவதும் முடித்த ஒருவரிடம் ஒப்படைத்தல். அது வரை அந்த வேலையைத் தொடர்ந்து பார்த்து வரவும்."

"பயிற்சி முடிச்சவங்க யாரு மேடம் இருக்காங்க?" என்றான் ஆசிக்.

ரோஷினி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். "வருவாங்க," என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஆசிக் பழக்கத்தில் இரண்டாம் கேட்டுக்குப் போனான். எத்திராஜ் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தார்.

"யோவ், பெர்மனென்ட் ஆளா நீயி? பதினோரு நாளு என்கிட்ட மூச்சு உட்ல! இன்னாத்துக்கு இந்தாண்ட வர்றே? அந்த கேட்டு போ."

"அங்க என்னைய நீக்கிட்டாங்கண்ணே."

"நீக்கிட்டாங்கன்னா இன்னாத்துக்கு வேலைக்கு வர்றே?"

"நீக்குனதாலதான் வேல செய்ய விட்டுருக்காங்க."

எத்திராஜ் மறித்த கையை எடுத்துக்கொண்டார். பிறகு தலை எண்ணத் தொடங்கினார். அவனை எண்ணவில்லை.

ராணி அவன் மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். ஓக்கே ஸ்டிக்கர் கட்டை அவன் முன்னால் தள்ளினாள். "இந்தா, உன் வேலய நீ பாரு. ஏழு மாசம் உன் வேலயும் சேத்து நான் பாத்தேன். எனக்கு ஆரும் ஒரு செடி குட்த்தாங்களா?" அவன் காலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்த தொட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். "இன்னாடா இது, ஒரே ஒரு எல கீது," என்றாள். ஆனாலும் ஜன்னல் ஓரமாக வைத்தாள்.

பத்தரை மணிக்கு ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு கங்காதரன் எட்டிப் பார்த்தார். உள்ளே வர அனுமதி இல்லாததால் தலையை மட்டும் நீட்டியிருந்தார்.

"மாமே, ஒரு ஒத்தாசை. இன்னா தப்பு பண்ணா உடனே நீக்குவாங்க? மெயின் போர்டு ஒண்ணு ரிப்பேர்ல கீதாமே, அத சரி பண்ணிட்டு மாட்டிக்கட்டா?"

"அண்ணே, நல்லா யோசிச்சுக்குங்க."

"ரெண்டு வருஷம் எட்டு மாசமா அதான் யோசிச்சிகினு கீறேன். என் பின்னால பதினேழு பேரு நிக்கிறானுங்க. ஒருத்தன் ஃபோர்க்லிப்டு ஓட்டட்டுமான்னு கேக்குறான். சீக்கிரம் சொல்லு, அந்தாளு ஆறாம் பதிப்பு எழுத குந்திகினு கீறாரு."

ஆசிக் மெயின் போர்டு இருக்கும் இடத்தைக் கையால் காட்டினான்.

சாயங்காலம் அண்ணனூரில் ரயில் விட்டு இறங்கியதும் போனைப் பார்த்தான். முந்தின நாள் அவன் அனுப்பிய எண்ணைப் பார்த்துவிட்டு, மச்சான் விசாவை வேறு ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு வரி அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே உம்மா அழைத்துக்கொண்டிருந்தாள்.

"மவனே, நம்பர் வந்துருச்சாமே! மச்சான் சொன்னாரு. பெட்டிய பிரிச்சிட்டேன். வேல எது வரைக்கும்னு கேட்டியா?"

"கேட்டேன் உம்மா. வேலைய விட்டு நீக்குற வரைக்கும்."

"அல்லாவே! எப்ப நீக்குவாங்க?"

"நேத்தே நீக்கிட்டாங்க உம்மா," என்றான் ஆசிக், நடந்துகொண்டே. "நீ கவலப்படாம தூங்கு. காலையில ஏழு மணிக்கு ஷிப்டு."